ஜெனரல் மோட்டார்ஸ் எப்படி 'ஜெனரஸ் மோட்டார்ஸ்' ஆச்சு, அந்தப் பேர் எப்படிப் போச்சு?

(எபிசோடில் பேசியதை, படிக்க வசதியாகச் சுருக்கித் தொகுத்த எழுத்து வடிவம் இது.)

டவேரா ஞாபகம் இருக்கா? கல்யாணம், காதுகுத்து, திருப்பதி ட்ரிப்னு பத்து பேர் நெருக்கி உட்கார்ந்து போவோமே, அந்த செவர்லே டவேரா. அதைத் தயாரிச்ச கம்பெனி ஜெனரல் மோட்டார்ஸ், சுருக்கமா ஜி.எம். இந்தியாவில் 2017-ஓட கார் விற்பனையை நிறுத்திட்டாங்க. அமெரிக்காவில் இன்னைக்கும் பெரிய கம்பெனிதான்.

அந்த ஊரில் ஜி.எம்-முக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு: 'ஜெனரஸ் மோட்டார்ஸ்'. ஜெனரல்ங்கிறதைக் கொஞ்சம் திருப்பி ஜெனரஸ் ஆக்கிட்டாங்க. நம்ம பாஷையில் சொன்னா 'வள்ளல் மோட்டார்ஸ்'. நல்ல சம்பளம், குடும்பத்துக்கே மெடிக்கல் இன்ஷூரன்ஸ், ரிட்டயர் ஆனா பென்ஷன், அதுக்கப்புறமும் ஆஸ்பத்திரி செலவு. இதெல்லாம் கிடைச்சதால வந்த பேர். தொழிலாளிகள் பெருமையாவும் சொன்னாங்க, "இவ்வளவு கொடுத்தா கம்பெனி உருப்படுமா"ன்னு கேட்டவங்க நக்கலாவும் சொன்னாங்க.

இன்னைக்கு அந்தச் சலுகைகளில் பாதி இல்லை. எப்படி ஒவ்வொண்ணா போச்சுன்னு பார்க்கப் போறோம். அதோட இன்னொரு கேள்வியும் இருக்கு: அந்த 'வள்ளல்'ங்கிற வார்த்தை முதல்ல சரியா?

முல்லைக்கொடி ஸ்ட்ரைக் பண்ணலை

வள்ளல்னு சொன்னா நமக்கு முதல்ல ஞாபகம் வர்றது பாரி. படர இடமில்லாம நின்ன முல்லைக்கொடிக்கு, கேட்காமலே தன்னோட தேரைக் கொடுத்தவர். ஜி.எம். கதையில் அப்படி யாரும் கேட்காம எதுவும் கிடைக்கலை.

1936 டிசம்பர் 30. மிச்சிகன் மாநிலத்தில் ஃபிளின்ட்னு ஒரு ஊர். ஜி.எம். 1908-ல் பிறந்த ஊர் அதுதான். அங்க காருக்கு பாடி செய்யும் தொழிற்சாலையில் வேலை செஞ்சவங்க மெஷினை நிறுத்திட்டாங்க. ஆனா வீட்டுக்குப் போகலை, உள்ளேயே உட்கார்ந்துட்டாங்க. வெளியே நின்னு ஸ்ட்ரைக் பண்ணினா வேற ஆளை வெச்சு வேலை வாங்கிடுவாங்க. உள்ளே இருந்தா அது முடியாது. அவங்க கேட்டதில் முக்கியமானது, எங்க சங்கத்தை அங்கீகரிச்சு எங்களோட பேசுங்க அப்படிங்கிறது.

ஜனவரியில் அந்த ஊரில் குளிர் உயிரை எடுக்கும். கம்பெனி ஹீட்டரை நிறுத்தினது. போலீஸ் கண்ணீர்ப்புகை குண்டு வீசினது. வெளியே இருந்த பெண்கள், புகை வெளியே போகட்டும்னு தொழிற்சாலை ஜன்னல் கண்ணாடிகளை உடைச்சாங்க. கவர்னர் ஃபிராங்க் மர்ஃபி படையை அனுப்பினார், ஆனா உள்ளே இருக்கிறவங்களைத் துரத்தறதுக்கு அதைப் பயன்படுத்த மறுத்துட்டார். 44 நாள் கழிச்சு, 1937 பிப்ரவரி 11 அன்னைக்கு ஜி.எம். இறங்கி வந்தது. யுஏடபிள்யூ, அதாவது ஐக்கிய ஆட்டோ தொழிலாளர் சங்கத்தோட ஒப்பந்தம் போட்டாங்க.

வள்ளல் மோட்டார்ஸோட முதல் பக்கம் இதுதான்.

1950: ரெண்டு பக்கமும் லாபம் பார்த்த டீல்

அடுத்த பெரிய திருப்பம் 1950. சங்கத் தலைவர் வால்டர் ராய்தர், ஜி.எம். தலைவர் சார்லஸ் வில்சன் ரெண்டு பேரும் அஞ்சு வருஷத்துக்கு ஒரு ஒப்பந்தம் போட்டாங்க. 'டெட்ராய்ட் உடன்படிக்கை'ன்னு இதுக்கு ஒரு பத்திரிகை பேர் வெச்சது. வருஷா வருஷம் சம்பள உயர்வு, விலைவாசி ஏறினா அதுக்கேத்த படி, பென்ஷன், மெடிக்கல் இன்ஷூரன்ஸில் பாதிச் செலவு. விலைவாசிப் படின்னா நம்ம ஊர் அகவிலைப்படி மாதிரிதான்.

பதிலுக்கு ஜி.எம்-முக்கு என்ன கிடைச்சது? அஞ்சு வருஷம் தொழிற்சாலை நிக்காம ஓடும்னு உத்தரவாதம். போர் முடிஞ்சு அமெரிக்கா முழுக்க கார் கேட்டு ஜனங்க காத்திருந்த நேரம் அது. லைன் ஒரு நாள் நின்னா எவ்வளவு நஷ்டம்னு வில்சனுக்குத் தெரியும். அதனால அவர் கொடுத்தது தானம் இல்லை, நல்ல வியாபாரம்.

இதுல ஒரு முக்கியமான விஷயம் இருக்கு. ராய்தர் முதல்ல கேட்டது இது இல்லை. பென்ஷனும் மருத்துவமும் நாட்டில் எல்லாருக்கும் அரசாங்கம் மூலமா வரணும்னு விரும்பினவர் அவர். அது நடக்கலை. சரி, கம்பெனிகளாவது ஒண்ணா சேர்ந்து ஒரு பொது நிதி வெச்சா, ஒரு கம்பெனி படுத்தாலும் தொழிலாளி தப்பிப்பான் அப்படிங்கிற யோசனையும் அப்போ இருந்தது. வில்சன் மாதிரியான முதலாளிகளுக்கு அது பிடிக்கலை. எங்க ஆட்களை நாங்க பார்த்துக்கறோம்னு சொல்லிட்டாங்க.

அமெரிக்காவில் மருத்துவக் காப்பீடு வேலையோட ஒட்டிக்கிட்டதுக்கும் ஒரு பின்னணி உண்டு. இரண்டாம் உலகப் போர் சமயம், 1942-ல், சம்பளத்தை ஏத்தக் கூடாதுன்னு அரசு கட்டுப்பாடு கொண்டு வந்தது. ஆனா இன்ஷூரன்ஸ், பென்ஷன் மாதிரி சலுகைகளுக்கு விலக்கு இருந்தது. ஆள் கிடைக்காம தவிச்ச கம்பெனிகள் சம்பளத்துக்குப் பதிலா சலுகை கொடுத்து ஆள் பிடிச்சாங்க. அந்தப் பழக்கமே அப்படியே நிலைச்சுப் போச்சு.

1950-லயே பீட்டர் டிரக்கர் இதைப் பத்தி எழுதினார். ஜி.எம்-மை உள்ளே போய்ப் பார்த்துப் புத்தகம் எழுதின மேலாண்மை அறிஞர். ஒரு தொழிலாளியோட முதுமையை ஒரே ஒரு கம்பெனியோட எதிர்காலத்தில் கட்டிப் போடுறது ஆபத்துங்கிறது அவரோட எச்சரிக்கை. யாரும் பெருசா எடுத்துக்கலை. அப்போ ஜி.எம். விழும்னு சொன்னா யார் நம்புவாங்க? அமெரிக்காவில் விக்கிற ரெண்டு காரில் ஒண்ணு கிட்டத்தட்ட அவங்களோடது.

பேர் வந்த காலம்

அடுத்த முப்பது வருஷத்தில் பட்டியல் நீண்டுக்கிட்டே போச்சு. 1960-களில் மெடிக்கல் இன்ஷூரன்ஸ் செலவு முழுக்க கம்பெனி பொறுப்புக்கு வந்தது, ரிட்டயர் ஆனவங்களுக்கும் சேர்த்து. 1970-ல் சுமார் 4 லட்சம் பேர் 67 நாள் ஸ்ட்ரைக் பண்ணி, 'முப்பது வருஷம் போதும்'ங்கிற பென்ஷனுக்கு வழி பண்ணாங்க. முப்பது வருஷம் லைனில் நின்னவங்க, அறுபத்தஞ்சு வயசு வரைக்கும் காத்திருக்காம முழுப் பென்ஷனோட வெளியே வரலாம்.

1984-ல் 'ஜாப்ஸ் பேங்க்'. ரோபோ வந்ததாலயோ, தொழிற்சாலை மூடினதாலயோ வேலை போனாலும், கிட்டத்தட்ட முழுச் சம்பளம் தொடர்ந்து வரும். பிற்காலத்தில் ஜி.எம்-மைக் கிண்டல் பண்ண நினைச்ச எல்லாருக்கும் இதுதான் அல்வா மாதிரி கிடைச்ச உதாரணம். அதுல நியாயமும் இருக்கு. வேலையே இல்லாம ஆட்கள் ஒரு ரூமில் உட்கார்ந்து சம்பளம் வாங்கினது நிஜம். ஆனா அதையும் கம்பெனிதான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது. ஆட்டோமேஷனுக்கு சங்கம் குறுக்கே நிக்காம இருக்கறதுக்கான விலை அது.

கணக்கு எங்க இடிச்சது?

இப்போ ரெண்டே ரெண்டு வருஷத்தை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

1962-ல் ஜி.எம்-மில் அமெரிக்காவில் மட்டும் சுமார் 4 லட்சத்து 64 ஆயிரம் பேர் வேலை செஞ்சாங்க. ஓய்வுச் சலுகை வாங்கினவங்க சுமார் 40 ஆயிரம். அதாவது ஒரு பென்ஷனருக்குப் பின்னாடி பதினோரு பேருக்கு மேல வேலை செஞ்சுக்கிட்டிருந்தாங்க.

2005-ல் வேலை செஞ்சவங்க சுமார் 1 லட்சத்து 41 ஆயிரம். ஓய்வுச் சலுகை வாங்கினவங்க சுமார் 4 லட்சத்து 53 ஆயிரம். இப்போ வேலை செய்யற ஒருத்தர் தோளில் மூணு பேருக்கு மேல.

ஒரு வீட்டில் பதினோரு பேர் சம்பாதிச்சு ஒரு தாத்தாவைப் பார்த்துக்கறதுக்கும், ஒருத்தர் சம்பாதிச்சு மூணு தாத்தாக்களைப் பார்த்துக்கறதுக்கும் உள்ள வித்தியாசம்தான் இது. தாத்தாக்கள் பேராசை பிடிச்சவங்களா மாறிடலை. வீட்டில் சம்பாதிக்கற ஆட்கள் குறைஞ்சுட்டாங்க.

ஏன் குறைஞ்சாங்க? டொயோட்டா, ஹோண்டா வந்து மார்க்கெட்டைப் பிடிச்சது, ஜி.எம். கார்களோட தரம் சறுக்கினது, மெஷின்கள் வந்தது, உதிரிபாகப் பிரிவுகளைத் தனியா பிரிச்சு விட்டது எல்லாம் சேர்ந்துதான். இன்னொரு பக்கம், அமெரிக்காவில் மருத்துவச் செலவு எகிறினது. 2004-ல் ஜி.எம். சுமார் 11 லட்சம் பேருக்கு மருத்துவக் காப்பீடு கொடுத்தது, செலவு 520 கோடி டாலர். விக்கிற ஒவ்வொரு காரிலும் சுமார் 1,500 டாலர் ஆஸ்பத்திரி பில்லுக்கே போகுதுன்னு கம்பெனி புலம்பினது. டொயோட்டாவோட சொந்த நாடான ஜப்பானில் 1961-லயே எல்லாருக்கும் தேசிய மருத்துவக் காப்பீடு வந்தாச்சு. ராய்தர் கேட்ட மாதிரி ஒரு ஏற்பாடு, வேற ஒரு நாட்டில்.

இந்தக் கணக்கில் இருந்து பிறந்த ஒரு பிரபலமான எண் 'மணிக்கு 70 டாலர்'. 2008 கடைசியில் கார் கம்பெனிகள் அரசாங்கத்திடம் கடன் கேட்டுப் போனப்போ, "ஒரு கார் தொழிலாளி மணிக்கு 70 டாலருக்கு மேல வாங்கறான், இவங்களுக்கு எதுக்கு நம்ம வரிப்பணம்?"னு டிவியில் பேச்சு ஓடினது. நிஜத்தில் அனுபவமுள்ள ஒரு தொழிலாளியோட மணிச் சம்பளம் சுமார் 28 டாலர். மீதி எங்க இருந்து வந்தது? அவரோட இன்ஷூரன்ஸ், ஓவர்டைம் இதெல்லாம் கொஞ்சம். பெரிய பங்கு, ஏற்கனவே ரிட்டயர் ஆன லட்சக்கணக்கானவங்களோட பென்ஷனும் மருத்துவச் செலவும். அந்த மொத்தத்தையும் இப்போ வேலை செய்யறவங்களோட மணி நேரத்தால வகுத்துட்டாங்க. அதாவது தாத்தாவோட மருந்துச் செலவை பேரனோட சம்பளமா காட்டிட்டாங்க.

'ஜெனரஸ்'ங்கிற பேர் எப்படி வேலை செய்யுதுன்னு இங்கதான் புரியுது. கம்பெனி வள்ளல்னா, தொழிலாளி சும்மா வாங்கித் தின்னவன்னு ஆயிடுது.

ஒவ்வொண்ணா கழன்ற கதை

முதல்ல அடி வாங்கினது ஆபீஸில் வேலை செஞ்சவங்க. எஞ்சினியர், அக்கவுன்டன்ட், மேனேஜர். இவங்களுக்குப் பெரும்பாலும் சங்கம் கிடையாது. 1993-க்குப் பிறகு சேர்ந்தவங்களுக்கு ரிட்டயர் ஆன பிறகு மருத்துவக் காப்பீடு இல்லைன்னு அறிவிச்சாங்க. சத்தமே வரலை, ஏன்னா பாதிக்கப்படப் போறவங்க அப்போதான் வேலைக்கே சேர்றாங்க. சலுகையைக் குறைக்கறதில் இது ரொம்பச் சுலபமான வழி. இன்னும் உள்ளே வராதவங்க போராட மாட்டாங்க.

2005-ல் ஜி.எம். 1,000 கோடி டாலருக்கு மேல நஷ்டம் காட்டினது. ரிட்டயர் ஆன தொழிலாளிகளும் மருத்துவச் செலவில் ஒரு பங்கு கட்டணும்னு சங்கம் ஒத்துக்கிட்டது.

2007-ல்தான் பெரிய மாற்றம். ரெண்டு விஷயம் நடந்தது. ஒண்ணு, ரிட்டயர் ஆன தொழிலாளிகளோட மருத்துவப் பொறுப்பு, சுமார் 5,000 கோடி டாலர் சுமை, கம்பெனி கணக்கில் இருந்து தனி அறக்கட்டளைக்கு மாத்தப்பட்டது. கம்பெனி ஒரு தொகையைக் கொடுத்துட்டு ஒதுங்கிடும், அது போதலைன்னா அறக்கட்டளை பார்த்துக்கணும். ரெண்டு, இனிமேல் புதுசா வர்றவங்களுக்கு வேற சம்பளம். முதலில் சில வேலைகளுக்கு மட்டும்னு ஆரம்பிச்சு, பிறகு எல்லாப் புதியவங்களுக்கும் வந்தது. பழைய ஆள் மணிக்கு 28 டாலர், புது ஆள் அதில் பாதி. ரெண்டு பேரும் நிக்கறது ஒரே அசெம்பிளி லைன், ரெண்டு பேரும் மாட்டறது ஒரே கதவு.

புதியவங்களுக்குப் பழைய பாணி பென்ஷனும் கிடையாது. அதுக்குப் பதிலா 401 கே. பழைய பென்ஷனில் கம்பெனி வாக்கு கொடுக்கறது நீங்க சாகிற வரைக்கும் மாசா மாசம் வரப்போற தொகைக்கு. 401 கே-வில் வாக்கு கொடுக்கறது இப்போ உங்க கணக்கில் போடற பணத்துக்கு மட்டும். அப்புறம் மார்க்கெட் விழுந்தா அது உங்க தலையில். தமிழ்நாட்டில் 2003 ஏப்ரல் 1-க்குப் பிறகு அரசு வேலையில் சேர்ந்தவங்க பழைய பென்ஷன் கேட்டுப் போராடினதுக்குப் பின்னாடி இருக்கறதும் கிட்டத்தட்ட இதே வித்தியாசம்தான்.

2009 ஜனவரியில், 65 வயசைத் தாண்டின முன்னாள் ஆபீஸ் ஊழியர்களோட கம்பெனி மருத்துவக் காப்பீடு நிறுத்தப்பட்டது. ஈடா பென்ஷனில் மாசம் 300 டாலர் கூட்டிக் கொடுத்தாங்க. அதே வருஷம் ஜூன் 1, ஜி.எம். திவால் மனு போட்டது. அமெரிக்க அரசு மொத்தமா சுமார் 4,950 கோடி டாலர் போட்டு, புது ஜி.எம்-மில் சுமார் 61 சதவீதப் பங்கை வெச்சிருந்தது. 'கவர்ன்மென்ட் மோட்டார்ஸ்'னு புதுப் பட்டப்பெயர் வந்தது.

திவாலில் என்னென்ன போச்சு? ஜாப்ஸ் பேங்க் போச்சு. விலைவாசிப் படி நின்னது. ரிட்டயர் ஆன தொழிலாளிகளோட பல், கண் சிகிச்சைக் காப்பீடு போச்சு. மருத்துவ அறக்கட்டளைக்குப் பணமா வர வேண்டியதில் பெரும் பகுதி, புது கம்பெனியோட ஷேரா வந்தது. ஏற்கனவே பென்ஷன் வாங்கிக்கிட்டிருந்த ஜி.எம். தொழிலாளிகளோட பென்ஷன் மட்டும் தப்பிச்சது. அவங்களுக்காக மேஜையில் உட்கார்ந்து பேச ஒரு சங்கம் இருந்தது.

சங்கம் இல்லைன்னா என்ன ஆகும்னு பார்க்க டெல்ஃபையைப் பாருங்க. ஜி.எம்-மோட உதிரிபாகப் பிரிவு அது, 1999-ல் தனிக் கம்பெனியா பிரிச்சு விட்டாங்க. 2005-ல் திவால். 2009-ல் அதோட பென்ஷன் திட்டங்களை அரசின் பென்ஷன் காப்பீட்டு நிறுவனம் எடுத்துக்கிட்டது. அந்த நிறுவனம் ஒரு வரம்புக்குள்தான் கொடுக்கும். யுஏடபிள்யூ தொழிலாளிகளுக்குக் குறைஞ்ச தொகையை ஜி.எம். ஈடு கட்டினது, பழைய ஒப்பந்தம் இருந்ததால. சங்கம் இல்லாத ஆபீஸ் ஊழியர்கள் சுமார் 20 ஆயிரம் பேருக்கு அந்த ஈடு இல்லை. வாழ்நாள் முழுக்க ஜி.எம். பேட்ஜ் போட்டு வேலை செஞ்சவங்க அதில் நிறைய பேர். பல வருஷம் வழக்கு நடத்தினாங்க. 2022-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் அதை விசாரணைக்கு எடுக்க மறுத்துட்டது.

2012-ல் ஆபீஸ் ஊழியர்களோட பென்ஷன் பொறுப்பையும் ஜி.எம். கைகழுவினது. ஒரு பகுதியினருக்கு மொத்தமா பணம் வாங்கிக்கோங்கன்னு சொன்னாங்க, மத்தவங்களோட பென்ஷனை ப்ருடென்ஷியல் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு மாத்தினாங்க. சுமார் 2,600 கோடி டாலர் சுமை கணக்கை விட்டு இறங்கினது.

திரும்பக் கேட்டவங்க

கம்பெனி நிமிர்ந்துடுச்சு. 2022-ல் நிகர லாபம் சுமார் 990 கோடி டாலர். தலைமை அதிகாரி மேரி பாராவுக்கு அந்த வருஷம் கிடைச்ச மொத்த ஊதியம் சுமார் 2.9 கோடி டாலர். அப்போ தொழிலாளிகள் கேட்டது நேரடியான கேள்வி: கஷ்ட காலத்தில் நாங்க விட்டுக் கொடுத்தது எங்க?

2019-ல் 40 நாள் ஸ்ட்ரைக் நடந்தது. அப்போ கம்பெனி ஸ்ட்ரைக் பண்றவங்களோட மருத்துவக் காப்பீட்டை நிறுத்தி, கண்டனம் வந்ததும் சில நாளில் திரும்பக் கொடுத்தது. 2023-ல் மூணு கார் கம்பெனிகளிலும் ஒரே நேரத்தில் ஸ்ட்ரைக், ஆறு வாரத்துக்கு மேல. நாலரை வருஷத்தில் 25 சதவீத சம்பள உயர்வு கிடைச்சது. 2009-ல் போன விலைவாசிப் படி திரும்பி வந்தது. புது ஆள் உச்சச் சம்பளத்தை எட்ட எட்டு வருஷம் ஆனது, மூணு வருஷமா குறைஞ்சது. ஆனா 2007-க்குப் பிறகு சேர்ந்தவங்களுக்குப் பழைய பென்ஷன் வரலை, ரிட்டயர் ஆன பிறகு மருத்துவமும் வரலை. 401 கே-வில் கம்பெனி போடற பங்கு 10 சதவீதமா ஏறினது, அவ்வளவுதான். ஜி.எம். தொழிலாளிகளில் சுமார் 55 சதவீதம் பேர்தான் அந்த ஒப்பந்தத்துக்கு ஓட்டுப் போட்டாங்க.

நவம்பர் மாசமே ஜி.எம். இன்னொரு அறிவிப்பு விட்டது: 1,000 கோடி டாலருக்கு சொந்த ஷேர்களைத் திரும்ப வாங்கப் போறோம். பங்குதாரர்களுக்கு ஜெனரஸா இருக்க கையில் பணம் இருந்தது.

உங்க ஆஃபர் லெட்டரை எடுத்துப் பாருங்க

இது நமக்கு எதுக்கு? நம்ம ஊரிலும் ஒரு வார்த்தை இருக்கு. கிராஜுவிட்டி. தமிழில் 'பணிக்கொடை'. கொடைன்னா தானம். ஆனா சட்டப்படி அது தகுதியுள்ள ஊழியரோட உரிமை, கம்பெனி மனசு வெச்சுக் கொடுக்கற அன்பளிப்பு இல்லை. பல கம்பெனிகள் அதை உங்க சி.டி.சி. கணக்குக்குள்ளேயே சேர்த்துக் காட்டறாங்க. அப்படின்னா அது உங்க சம்பளத்தில் ஒரு பகுதின்னு அவங்களே சொல்றாங்கதானே?

ஜி.எம். தொழிலாளிகளோட பென்ஷனும் மருத்துவமும் அதே மாதிரிதான். இன்னைக்குச் சம்பளத்தைக் கொஞ்சம் குறைச்சு வாங்கிக்கறோம், மீதியை வயசான பிறகு கொடுங்கன்னு போட்ட ஒப்பந்தம். தள்ளிப்போட்ட சம்பளம். அதுக்கு 'சலுகை'ன்னு பேர் வெச்சதும், நிறுத்தறது சுலபமாயிடுச்சு. சம்பளத்தை வெட்டினா கோபம் வரும், சலுகையைக் குறைச்சா "இத்தனை நாள் கொடுத்தாங்களே"ன்னு தோணும்.

அதனால அடுத்த தடவை ஆஃபர் லெட்டரில் 'பெனிஃபிட்ஸ்'னு ஒரு பக்கம் வந்தா, ஒவ்வொரு வரிக்கும் மூணு கேள்வி கேளுங்க. இது சட்டத்தில் இருக்கா, ஒப்பந்தத்தில் இருக்கா, இல்லை கம்பெனி நினைச்சா மாத்திக்கற பாலிசியா? பணம் கம்பெனி கணக்கில் இருக்கா, என் பேரில் தனியா இருக்கா? கம்பெனி மூடினா இது என்ன ஆகும்? டெல்ஃபை ஆபீஸில் முப்பது வருஷம் உட்கார்ந்தவங்களுக்கு மூணாவது கேள்வியோட பதில் ரிட்டயர் ஆன பிறகுதான் தெரிஞ்சது.

இன்னைக்கு எபிசோட் இவ்வளவுதான் மக்களே. உங்க வீட்டில் யாராவது மில்லிலோ பஸ் கம்பெனியிலோ பேங்கிலோ வேலை செஞ்சு ரிட்டயர் ஆகியிருந்தா, அவங்க பென்ஷன் கதையை ஒரு தடவை உட்கார்ந்து கேளுங்க. அடுத்த எபிசோடில் பார்க்கலாம்.